மன்னிக்க இரத்தம் எதற்கு?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் சிலுவையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "நான் தப்பு செய்தால் எங்கள் அப்பா என்னை மன்னித்துவிடுவார்; அதற்காக என் அண்ணனைப் பிடித்து அடிக்க மாட்டார்; கடவுள் மட்டும் ஏன் அப்படிச் செய்தார்?" என்று கேட்டாள். கடவுள் நீதியுள்ளவர், யாராவது தண்டனையை ஏற்கத்தான் வேண்டும் என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். அந்தப் பதில் அவளுக்கும் போதவில்லை, உங்களுக்கும் போதவில்லை. ஆகவே பலி என்றால் என்ன என்ற விளக்கத்தை நீங்கள் கேட்கவில்லை. அன்பாயிருக்கிற கடவுள் மன்னிப்பதற்கு இரத்தம் ஏன் வேண்டியிருந்தது, அது வேண்டியிருந்தது என்றால் அவரை அன்பு என்று எந்த மனத்தோடு அழைப்பது என்பதே உங்கள் கேள்வி.

நான் சில ஆண்டுகள் கிராமச் சபைகளில் போதகராக இருந்துவிட்டு, பிறகு இருபத்தாறு ஆண்டுகள் இறையியல் மாணவர்களுக்கு எபிரேய வேதம் கற்பித்தவன். பழைய ஏற்பாட்டில் பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமத்தைப் பற்றிப் பேசும்போது என் காலடியில் நிலம் உறுதியாக இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்த உறுதி சற்றுக் குறைவு. கிழக்கத்திய திருச்சபைகளின் மரபையோ நூல்களின் வழியாக மட்டுமே அறிவேன். இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். பலிபீடத்தில் ஒரு விலங்கு கொல்லப்படுவதை, பாவி பெறவேண்டிய தண்டனையை அந்த விலங்கு பெறுகிறது என்றே நம்மில் பெரும்பாலோர் கற்றிருக்கிறோம். ஆனால் லேவியராகமத்தின் சடங்கு அப்படி அமைந்திருக்கவில்லை. பாவநிவாரணபலியைக் கொண்டுவந்த சாதாரண மனிதனே அதன் தலைமேல் கை வைத்து அதைக் கொல்கிறான். கொல்லும் செயல் ஆசாரியனுடைய பணியாகக்கூட அங்கே சொல்லப்படவில்லை. இரத்தம் கிண்ணத்துக்கு வந்த பிறகுதான் ஆசாரியனின் வேலை தொடங்குகிறது: அதைப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறான், மீதியை அடியில் ஊற்றுகிறான். சடங்கின் எடை முழுவதும் சாவின்மேல் இல்லை, இரத்தத்தின்மேல் இருக்கிறது. இரத்தம் உயிரைக் குறிக்கிறது என்று லேவியராகமம் 17:11 வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் பிறகு நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. சாதாரண மனிதனுக்காகச் செலுத்தப்பட்ட பாவநிவாரணபலியின் இறைச்சியை ஆசாரியன் பரிசுத்த இடத்தில் உண்ணவேண்டும். அது மகா பரிசுத்தமானது என்று 6ஆம் அதிகாரம் சொல்கிறது. பாவமும் சாபமும் அந்த உடலில் ஏறியிருந்தால் அதை மகா பரிசுத்தம் என்று அழைக்க வழியே இல்லை.

பாவம் உண்மையிலேயே ஒரு விலங்கின்மேல் ஏற்றப்படும் ஓர் இடம் லேவியராகமத்தில் உண்டு. அது 16ஆம் அதிகாரத்தில் வரும் பாவநிவிர்த்தி நாள். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று பலியாகிறது, அதன் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தின் உள்ளே கொண்டுபோகப்பட்டு, இஸ்ரவேலரின் தீட்டுகளிலிருந்து அந்த இடத்தையே சுத்திகரிக்கிறது. மற்றதன் தலைமேல் பிரதான ஆசாரியனான ஆரோன் தன் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்கள் அனைத்தையும் அறிக்கையிடுகிறான். பாவத்தைச் சுமக்கிற அந்தக் கடா பலியிடப்படுவதில்லை; உயிரோடு வனாந்தரத்துக்கு விரட்டப்படுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதற்குப் 'போக்காடு' என்று ஓர் அருமையான சொல்லைக் கொடுத்தது. பலியாகிற ஆடு பாவத்தைச் சுமப்பதில்லை, பாவத்தைச் சுமக்கிற ஆடு பலியாவதில்லை என்ற இந்த வேறுபாட்டை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவும், ஏனென்றால் பிரசங்கங்களில் இவ்விரு ஆடுகளும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. பாவநிவாரணபலி முதன்மையாகப் பரிசுத்த இடத்தைச் சுத்திகரிக்கிறது என்ற விளக்கத்தைக் கடந்த நூற்றாண்டில் ஜேக்கப் மில்க்ரோம் என்ற யூத அறிஞர் விரிவாக நிறுவினார். அவருடைய வாதம் முழுவதையும் எல்லோரும் ஏற்கவில்லை. நானும் சில இடங்களில் விலகுகிறேன். ஆயினும் விலங்கு தண்டிக்கப்படுகிறது என்ற எளிய விளக்கத்துக்குத் திரும்புவது அவருக்குப் பின் கடினமாகிவிட்டது.

இரத்தம் இல்லாமல் மன்னிப்பே இல்லை என்று எபிரேயர் 9:22 சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள்: "நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்." அந்தக் 'கொஞ்சங்குறைய' என்ற சொல்லை நாம் விழுங்கிவிடுகிறோம். அதை எழுதியவர் லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தை அறிந்தவர். ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் ஒரு எப்பா மாவில் பத்தில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 2 லிட்டர் மாவைக் கொண்டுவந்தால் போதும். அதில் ஒரு துளி இரத்தமும் இல்லை, ஆனாலும் அதன் பெயர் பாவநிவாரணபலி, அதன் முடிவில் அவனுக்கு மன்னிப்பு உண்டு. இரத்தம் கடவுளுக்குத் தவிர்க்கமுடியாத தேவையாக இருந்திருந்தால், ஏழைக்காக அவர் இந்தக் கதவைத் திறந்திருக்க முடியாது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அயலானை ஏமாற்றியவன் குற்றநிவாரணபலியோடு வந்தால் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுக்கவேண்டும். துணிகரமாகச் செய்த பாவத்துக்கோ, எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தின்படி, பலியே கிடையாது. தாவீதின் பெயரால் வழங்கும் 51ஆம் சங்கீதம் பலியைக் கொண்டுவராமல் நொறுங்குண்ட இருதயத்தைக் கொண்டுவருவது அதனால்தான். தீர்க்கதரிசிகள் பலியைக் கடிந்து பேசியபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை; பலி எதைச் செய்யாது என்று நியாயப்பிரமாணமே அவர்களுக்குமுன் சொல்லியிருந்தது.

லேவியராகமம் 17:11க்கு ஒருமுறை திரும்பவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அங்கே ஒளிந்திருக்கிறது. "நான் அதை உங்களுக்குப் பலிபீடத்தின்மேல் உங்கள் ஆத்துமாக்களுக்காகப் பாவநிவிர்த்தி செய்யும்படிக்குக் கட்டளையிட்டேன்" என்று தமிழில் வாசிக்கிறோம். எபிரேயத்தில் 'கட்டளையிட்டேன்' என்ற இடத்தில் உள்ள வினையின் நேர்ப்பொருள் 'கொடுத்தேன்' என்பது. மொழிபெயர்ப்பாளர்கள் செய்ததைத் தவறென்று சொல்லமாட்டேன். கொடுத்தல் என்ற அந்த வினை ஏற்படுத்துதல் என்ற பொருளிலும் வரும். ஆனால் ஒரு சொல்லால் திசையே மாறிவிடுகிறது. கட்டளையிட்டேன் என்றால் கடவுள் கேட்கிறார், மனிதன் செலுத்துகிறான். கொடுத்தேன் என்றால் கடவுள் கொடுக்கிறார், மனிதன் பெற்றுக்கொள்கிறான். சினந்திருக்கும் ஒருவரை மனமிரங்கச் செய்வதற்கு மனிதர் கண்டுபிடித்த வழியாக அல்ல, கெட்டுப்போன உறவைச் சரிசெய்யக் கடவுளே மனிதர் கையில் கொடுத்த வழியாகத்தான் லேவியராகமம் பலியைப் பார்க்கிறது.

இனி ஐயத்துக்குரியவற்றுக்கு வருகிறேன். பாவநிவிர்த்தி என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரேய வினை 'கிப்பெர்'. அதன் வேர்ப்பொருள் மூடுதலா, துடைத்தலா, மீட்புவிலை கொடுத்தலா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. சடங்குப் பகுதிகளில் துடைத்துத் தூய்மையாக்குதல் என்ற பொருளே பொருந்துகிறது என்று நான் கருதுகிறேன். எபிரேயத்துக்கு உறவான பண்டைய அக்காதிய மொழியில் அதற்கு இணையான சொல் துடைத்தலையே குறிக்கிறது. கத்தோலிக்கரும் பிறரும் வாசிக்கும் திருவிவிலியம் இந்த இடத்தில் 'கழுவாய்' என்ற சொல்லை எடுத்தாண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கழுவுதலிலிருந்து பிறந்த அந்தச் சொல் புறநானூற்றின் 34ஆம் பாட்டிலேயே, ஆலத்தூர் கிழாரின் வாக்கில், கொடிய குற்றங்களுக்கும் பரிகாரம் உண்டு என்ற பொருளில் வருகிறது. 1 யோவான் 2:2இல் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபாதாரபலி' என்று சொல்லும் இடத்தில் திருவிவிலியம் 'கழுவாய்' என்கிறது. ரோமர் 3:25இல், அங்கே மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த 'ஹிலாஸ்தேரியோன்' என்ற கிரேக்கச் சொல் வருகிறது. அது பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தைக் குறித்த சொல். பவுல் அந்த மூடியை நினைத்து எழுதினாரா, பொதுவான பரிகாரத்தை நினைத்து எழுதினாரா என்பது தீராத வாதம். இந்தச் சொற்குடும்பம் பாவத்தைத் துடைப்பதைக் குறிக்கிறதா, கோபத்தைத் தணிப்பதைக் குறிக்கிறதா என்று 1930களில் சார்லஸ் டாட் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர் எழுப்பிய கேள்விக்கு 1950களில் லியோன் மாரிஸ் என்ற இன்னொரு அறிஞர் எதிர்வாதம் வைத்தார்; இருவர் பக்கத்திலும் வலுவான சான்றுகள் உண்டு. பவுல் கடவுளின் கோபத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்று உறுதி: புதிய ஏற்பாட்டில் 'ஒப்புரவாக்குதல்' என்ற வினை ஓரிடத்திலும் கடவுளை நம்மோடு ஒப்புரவாக்குவதாக வரவில்லை. "தேவன் உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்றே பவுல் எழுதுகிறார். மாற வேண்டியவர்கள் நாம்.

சிலுவையைப் பலி என்று சொல்வதும் புதிய ஏற்பாட்டில் ஒரே பொருளில் இல்லை. ஓரிடத்தில் கிறிஸ்து பஸ்கா ஆட்டுக்குட்டி. அது பாவத்துக்கான பலியே அல்ல, விடுதலையின் விருந்து. மாற்கு 10:45இல் அவர் அடிமைகளை மீட்கும் பொருள். எபிரேயர் நிருபத்தில் அவரே பிரதான ஆசாரியரும் பலியும். ஏசாயா 53இல் பிறருக்காகப் பாடுபடும் ஊழியனோ, கிறிஸ்துவாகவே திருச்சபை வாசிக்கும் அவன், குற்றநிவாரணபலி. இவற்றை ஒரே இயந்திரத்தின் உறுப்புகளாகப் பொருத்த வேதம் முயலவில்லை. நிசேயா விசுவாசப்பிரமாணமும் "நமக்காக" சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. கிறிஸ்துவின் இயல்பைப் பற்றிப் பெரும் சங்கங்கள் கூடிச் சொல் சொல்லாக வரையறுத்தன. சிலுவை எவ்வாறு மீட்கிறது என்பதற்கு அப்படி ஒரு வரையறையை அவை இயற்றவில்லை. ஆகவே இதில் நீங்கள் தடுமாறுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம்.

தண்டனையை யாராவது ஏற்கத்தான் வேண்டும் என்ற உங்கள் பதிலின் வரலாற்றையும் சொல்லவேண்டும். நான்காம் நூற்றாண்டில் கிழக்கத்திய ஆயரான நசியான்சு கிரகோரியார் இந்த இரத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று நேராகக் கேட்டார். சாத்தானுக்கு என்றால் அது வெட்கக்கேடு. பிதாவுக்கு என்றால், ஆபிரகாம் பலியிட வந்த ஈசாக்கையே வேண்டாமென்று மறுத்தவர் தம் ஒரே மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்றார். 1098இல் மேற்கத்திய இறையியலாளர் அன்செல்ம் வேறொரு விடையைக் கட்டினார்: பாவம் கடவுளுக்குரிய மானத்தைப் பறிக்கிறது, பறித்ததை ஈடுசெய்ய வேண்டும், இல்லையேல் தண்டனை வரும், மனிதன் செலுத்தவேண்டிய அந்த ஈட்டைக் கடவுளாலன்றி வேறு யாராலும் செலுத்த இயலாது, ஆகவே கடவுள் மனிதரானார். இங்கே ஈடு தண்டனைக்கு மாற்றாக நிற்கிறது. கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்று அன்செல்ம் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகள், குறிப்பாகச் சட்டம் படித்த கால்வின். அவர்கள் அதை வெறுங்கையிலிருந்து எடுக்கவில்லை. "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்று ஏசாயாவில் இருக்கிறது, கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று கலாத்தியரில் இருக்கிறது. இந்த வசனங்களுக்கு மரியாதை கொடுக்காத எந்த விளக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் கால்வினே இரண்டு எல்லைகளைக் கவனமாக வரைந்தார். இரத்தத்தால் ஒப்புரவானபின் கடவுள் நம்மை நேசிக்கத் தொடங்கவில்லை, அதற்கு முன்பே நேசித்தார் என்று அகஸ்தீனாரை மேற்கோள் காட்டினார். பிதா ஒருபோதும் தம் குமாரன்மேல் கோபம் கொள்ளவில்லை என்றும் எழுதினார். அவருடைய பெயரால் பிரசங்கிப்பவர்கள் பலர் இவ்விரண்டையும் விட்டுவிட்டார்கள். 1594இல் சோசினுஸ் என்பவர் இந்தக் கோட்பாட்டைத் தாக்கியபோது, கடன் செலுத்தப்பட்டுவிட்டால் அங்கே மன்னிக்க என்ன இருக்கிறது, மன்னிக்கப்பட்டிருந்தால் செலுத்த என்ன இருக்கிறது என்று கேட்டார். அவருடைய முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் வகுப்பில் எழுந்து நின்ற சிறுமி அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

இனி நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். இது என் தீர்ப்பு, திருச்சபையின் தீர்ப்பு அன்று. யாத்திராகமம் 34:7இல் கடவுள் தம்மைப் பற்றித் தாமே அறிவிக்கும் இடத்தில், "அக்கிரமத்தையும் மீறுதலையும் பாவத்தையும் மன்னிக்கிறவர்" என்று தமிழில் வாசிக்கிறோம். அங்கே உள்ள எபிரேய வினை 'நாசா'. அதன் நேர்ப்பொருள் தூக்குதல், சுமத்தல். போக்காடு அக்கிரமங்களைச் சுமந்துகொண்டு போகும் என்று சொல்வதும் இதே வினைதான். ஏசாயா 53இன் முடிவில் ஊழியன் அநேகருடைய பாவத்தைச் சுமந்தான் என்று சொல்வதும் இதே வினைதான். எபிரேயனுக்கு மன்னித்தலும் சுமத்தலும் ஒரு சொல். இதை வேறு மொழிக்காரர்களுக்கு நீண்ட விளக்கத்தோடு சொல்லவேண்டியிருக்கும். நமக்கு அந்தத் தேவை இல்லை. நம்முடைய 'பொறுத்தல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் பொறுக்கிறோம், பிழையும் பொறுக்கிறோம். அகழ்வாரைத் தாங்கும் நிலத்தை வள்ளுவர் காட்டியதும் பொறுத்தலுக்கு உவமையாகத்தான். ஒருவர் இழைத்த தீங்கைப் பொறுப்பவர் அதன் எடையை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை. தம்மேல் ஏற்றுக்கொள்கிறார், இழைத்தவர்மேல் திருப்பி இறக்காமல் விடுகிறார். மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து கடனைத் தள்ளிவிட்ட ராஜாவின் கருவூலத்தில் அந்தப் பதினாயிரம் தாலந்து குறையத்தான் செய்யும். சிலுவையில் நான் காண்பது இதுதான். கடவுள் மன்னிப்பதற்காக வேறொருவரைத் தண்டித்தார் என்பதல்ல. மன்னிப்பது என்றால் சுமப்பது என்பதால் அவரே வந்து சுமந்தார். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று இயேசு தம் உயிரைப் பற்றிச் சொன்னதும், பவுல் "தேவன் கிறிஸ்துவுக்குள்" இருந்து செயல்பட்டதாகச் சொன்னதும் இங்கே ஒன்றாகச் சேருகின்றன. இந்த விளக்கத்திலும் ஒரு குறை உண்டு: கலாத்தியரின் 'சாபம்' என்ற சொல்லை இது முழுவதுமாகத் தாங்குவதில்லை. அந்த வசனத்தில் நான் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதில் நான் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. போதகப் பணியின் தொடக்க ஆண்டுகளில், கிணற்றில் விழுந்து இறந்த ஒரு சிறுவனை அடக்கம் செய்தேன். மறுநாள் அவனுடைய தகப்பனார், படிப்பில்லாத விவசாயி, என்னிடம் வந்து, "ஐயா, நான் செய்த பாவத்துக்கு விலையாகத்தான் என் பிள்ளையை எடுத்துக்கொண்டார். சொந்தப் பிள்ளையையே விடாதவர் என் பிள்ளையை விடுவாரா?" என்று கேட்டார். "தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல்" என்று முந்தின நாள் நான் வாசித்த வசனத்தைத்தான் அவர் அப்படிக் கேட்டிருந்தார். "மற்ற எல்லாவற்றையும் நமக்கு அருளாதிருப்பதெப்படி" என்று அந்த வசனம் முடிகிறது. அந்தப் பாதி அவர் காதில் ஏறவில்லை, ஏனென்றால் பலி கேட்கும் கடவுளைத்தான் நாங்கள் அவருக்கு ஆண்டுக்கணக்கில் காட்டியிருந்தோம். அன்று என்னிடம் பதில் இல்லை. லேவியராகமத்தை எபிரேயத்தில் படிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதன் பிறகுதான். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ரயில் பாலத்தைக் காக்கும் தகப்பன், பயணிகளைக் காப்பாற்றத் தன் மகன் நசுங்குவான் என்று தெரிந்தும் நெம்புகோலை இழுக்கிற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அந்த மகன் தன்னைக் கொடுக்கவில்லை, அந்தத் தகப்பன் எதையும் சுமக்கவில்லை, பயணிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. நற்செய்தியின் ஒரு கூறுகூட அதில் இல்லை.

அந்தச் சிறுமியிடம் அடுத்த வாரம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவள் பக்கத்து வீட்டில் எதையாவது உடைத்துவிட்டால் அந்த வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றது யார், பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். அப்பா என்று சொல்வாள். அண்ணனை அவர் அடிக்கவில்லை என்று அவள் சொன்னது சரிதான், அப்பா தாமே போனார், கடவுளும் தாமே வந்தார் என்று சொல்லுங்கள். அப்படியானால் இயேசுவும் பிதாவும் ஒருவரா இருவரா என்று உடனே கேட்பாள். அதற்குச் சொல் தேடிச் சபையார் 325இல் நிசேயாவில் கூட வேண்டியிருந்தது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். நேரம் இருந்தால் லேவியராகமம் 5:11ஐ அவளையே வாசிக்கச் சொல்லி, அந்த 2 லிட்டர் மாவை ஒரு பாத்திரத்தில் அளந்து மேசைமேல் வையுங்கள். புறா வாங்கவும் காசில்லாதவன் அதை எடுத்துக்கொண்டு பலிபீடத்தண்டை போனான் என்று சொல்லுங்கள். அவனுக்கு மன்னிப்புக் கிடைத்ததா என்று 13ஆம் வசனத்தில் அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.